கடையில் விற்காத மென்பொருளை நம்பி வாங்கலாமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஈரோட்டில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிறீர்கள். தனி ஒருவர் எழுதி, தம் இணையதளத்திலேயே விற்கும் பில்லிங் மென்பொருள் ஒன்றை ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். வேலைக்கு நன்றாக ஒத்துவருகிறது. பணம் கட்டப் போகும் நேரத்தில் உங்கள் ஆடிட்டர், "கடையில் பெட்டியோடும் பில்லோடும் கிடைப்பதை வாங்குங்கள், நெட்டில் எவனோ விற்பதை நம்பிக் கணக்கு வழக்கை ஒப்படைக்காதீர்கள்" என்று தடுத்துவிட்டார். அவர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. பில் வேண்டும் என்பதும், விற்பவர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதும் சரி. கடை வேண்டும் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மென்பொருள் விற்ற கடைக்காரர் எவரும் அதைப் பிரித்துச் சோதித்து விற்றதில்லை. சோதிக்க அவருக்குத் தெரியாது, அது அவர் வேலையுமில்லை. ஒட்டிய பெட்டியை ஒட்டியபடியே கைமாற்றிவிட்டார், அவ்வளவுதான். அரிசிக் கடைக்காரர் மூட்டையில் கை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்துச் சொல்வது போன்ற சான்றிதழ் மென்பொருள் கடையில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஒட்டிய பெட்டியையும் நம்ப முடியாது என்பது 1988-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த ஆல்டஸ் நிறுவனம், மெக்கின்டாஷ் கணினிகளுக்காக ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருளை விற்றது. அதோடு சேர்த்துத் தரும் பயிற்சி வட்டு ஒன்றை வெளியார் ஒருவர் தயாரித்துக் கொடுத்தார். அவருடைய கணினியில் ஏற்கெனவே ஒரு வைரஸ் புகுந்திருந்தது. அது பயிற்சி வட்டின் வழியாக ஆல்டஸின் படியெடுக்கும் கருவிக்குள் போய், அங்கிருந்து விற்பனைக்கான வட்டுகளில் ஏறிவிட்டது. யாரும் கவனிப்பதற்குள் அவற்றில் ஒரு பகுதி கடைகளுக்குப் போய்விட்டது. கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து வெளிவந்த மெக்மேக் என்ற பத்திரிகையின் ஆசிரியர் எழுதுவித்த வைரஸ் அது. 1988 மார்ச் 2 அன்று திரையில் உலக அமைதிக்கான வாழ்த்து ஒன்றைக் காட்டிவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்ததால் பெரிய சேதமில்லை. ஆனால் முறையாகக் காசு கொடுத்துக் கடையில் வாங்கிய பெட்டியில் வைரஸ் வந்த முதல் நிகழ்ச்சி என்று அது வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து, 1991 டிசம்பரில், வலையமைப்பு மென்பொருளில் அன்று முதலிடத்திலிருந்த நோவெல் நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய வட்டில் வைரஸ் இருந்துவிட்டதாகக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

இவை தவறிப்போய் நடந்தவை. தெரிந்தே செய்யப்பட்டதற்கு 2005-ஆம் ஆண்டின் சோனி பிஎம்ஜி விவகாரத்தைச் சொல்ல வேண்டும். அந்நிறுவனம் கடைகளில் விற்ற இசைக் குறுந்தகடுகளைக் கணினியில் போட்டால், பாட்டைப் படியெடுக்க விடாமல் தடுக்கும் எக்ஸ்சிபி என்ற நிரல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததோடு நில்லாமல், தான் இருப்பதே தெரியாதபடி இயங்குதளத்தின் அடிமட்டத்தில் மறைந்துகொண்டது. அதற்கு அது கையாண்ட வழி, டாலர் குறிகளுக்கு நடுவே 'சிஸ்' என்று தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துவிடுவது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் தம் கோப்புக்கு வைக்கலாம் என்பதால், வைரஸ் எழுதுபவர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்த மறைவிடமாகிவிட்டது. விண்டோஸின் உட்புறத்தை நன்கறிந்த மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர், தம் கணினியில் இனம் தெரியாத ஏதோ ஒளிந்திருப்பதைக் கண்டு துருவிப் பார்த்து, அக்டோபர் 31 அன்று வெளியில் சொன்னார். நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது, வழக்குகளைச் சந்தித்தது. எக்ஸ்சிபியை நீக்குவதற்கென்று முதலில் கொடுத்த கருவியே புதிய ஓட்டையைத் திறந்துவிட்டது வேறு கதை. விற்ற கடைகளும் பெரியவை, பெயரும் பெரியது, பில்லும் உண்டு.

இன்னொன்றையும் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். இன்று சென்னை ரிச்சி தெருவிலோ பெரிய மின்பொருள் அங்காடியிலோ மைக்ரோசாப்ட்டின் ஆபீஸ் தொகுப்பை வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் வட்டு இருப்பதில்லை. 25 எழுத்துகள் கொண்ட குறியீடு அச்சிட்ட அட்டைதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இணையத்திலிருந்துதான் பதிவிறக்க வேண்டும். அவர் பாதுகாப்பு என்று நினைக்கும் பெட்டி இப்போது வெறும் பெட்டியாகிவிட்டது.

இனி மறுபுறம். கடைக்கு வெளியே மென்பொருள் விற்பது இணையம் வந்த பிறகு முளைத்த குறுக்குவழி அன்று. தனியாள் கணினி எவ்வளவு பழையதோ கிட்டத்தட்ட அவ்வளவு பழையது. 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் பிசி-டாக் என்ற தகவல் தொடர்பு மென்பொருளையும், ஐபிஎம்மில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜிம் நாஃப் என்பவர் பிசி-ஃபைல் என்ற தரவுத்தள மென்பொருளையும், கடைகளை நாடாமல் நேரே மக்களிடம் விட்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், பயன்படுத்துங்கள், நண்பர்களுக்கும் படியெடுத்துக் கொடுங்கள், பிடித்திருந்தால் இந்த முகவரிக்குப் பணம் அனுப்புங்கள் என்பதுதான் ஏற்பாடு. மைக்ரோசாப்ட்டின் தொடக்ககால ஊழியரான பாப் வாலஸ் அங்கிருந்து விலகி வந்து பிசி-ரைட் என்ற எழுத்துக்கருவியை இப்படியே விற்றார். ஷேர்வேர் என்ற பெயர் இந்த வணிகத்துக்கு நிலைத்தது அவரால்தான். பணம் கட்டிப் பதிவு செய்தவர் தம் படியைப் பிறருக்குக் கொடுத்து, அவரும் பதிவு செய்தால் முதலாமவருக்குத் தரகுத் தொகை போகும் என்ற ஏற்பாடும் அவரிடம் இருந்தது.

இந்த முறையில் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். கடையில் பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பித் தர முடியாது. அங்கே முதலில் பணம், பிறகுதான் பொருள். ஷேர்வேரில் முதலில் பொருள், பல வாரப் பயன்பாடு, பிறகே பணம். பொருள் மோசமாக இருந்தால் எழுதியவருக்கு ஒரு காசும் வராது. எழுதியவரின் பெயரும் அஞ்சல் முகவரியும் நிரலுக்குள்ளேயே இருக்கும். கோளாறு என்று கடிதம் எழுதினால் அவரே பதில் எழுதுவார். 1993 டிசம்பர் 10 அன்று வெளியான டூம் என்ற விளையாட்டு உலகம் முழுவதும் பரவியதும் இப்படித்தான்: முதல் பாகம் இலவசம், மீதி வேண்டுமானால் நிறுவனத்திடமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தீர்களே, அது அந்த மரபின் தொடர்ச்சிதான்.

தமிழர்களாகிய நமக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. கணினியில் தமிழ் எழுத வழி செய்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள்: மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் இலவசமாக விட்ட மயிலை எழுத்துரு, பின்னால் வந்த இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர். நம்மில் மிகப் பெரும்பாலோர் இவற்றைக் கடையில் பெட்டியாகப் பார்த்ததே இல்லை. நண்பர் கொடுத்த பிளாப்பியிலோ ஒரு இணையப் பக்கத்திலோதான் பெற்றோம். கடையில் கிடைப்பதையே நம்புவது என்று நாம் முடிவு செய்திருந்தால் இணையத்தில் தமிழ் இன்னும் பத்தாண்டு தாமதித்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் இவ்வளவும் சொல்லிவிட்டு, வெளியே விற்பதெல்லாம் நல்லது என்று நான் சொன்னால் உங்கள் ஆடிட்டர் சிரிப்பார். 1989 டிசம்பரில் சுமார் 20,000 பேருக்குத் தபாலில் ஒரு பிளாப்பி வந்தது. எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல் தொகுப்பு என்று மேலே எழுதியிருந்தது. கணினிப் பத்திரிகைச் சந்தாதாரர்களும் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களும் அதைப் பெற்றவர்களில் இருந்தார்கள். நிறுவிய கணினியை ஏறத்தாழ 90 முறை அணைத்து இயக்கிய பிறகு அது கோப்புகளின் பெயர்களை உருத்தெரியாமல் குலைத்துவிட்டு, 189 டாலரைப் பனாமா நாட்டில் ஓர் அஞ்சல் பெட்டி எண்ணுக்கு அனுப்பச் சொன்னது. இன்று ரான்சம்வேர் என்று நாம் அஞ்சும் வகைக்கு அதுவே முன்னோடி. அதை அனுப்பியவர் ஜோசப் பாப் என்ற உயிரியல் அறிஞர். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அந்தப் பிளாப்பியோடு உரிம ஒப்பந்தம் ஒன்றும் அச்சாகி வந்தது. பணம் கட்டாவிட்டால் உங்கள் கணினியிலுள்ள பிற நிரல்கள் பாதிக்கப்படும் என்ற எச்சரிக்கை அதிலேயே இருந்தது. யாரும் படிக்கவில்லை.

தேவையே இல்லாமல், கேட்காமலேயே, தெரியாத கையிலிருந்து வந்தது அந்தப் பிளாப்பி. பிசி-ரைட்டும் கடைக்கு வெளியே வந்ததுதான், எய்ட்ஸ் பிளாப்பியும் கடைக்கு வெளியே வந்ததுதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடை அல்ல. எழுதியவர் யார், அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு எந்த வழியாக வந்தது என்ற இரண்டும்தான். இவ்விரண்டையும் தனித்தனியாகவே எடைபோட வேண்டும். எழுதியவர் நல்லவராக இருந்து வழி கெட்டுப்போன சம்பவங்களே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

பழைய உதாரணம் பிகே-ஸிப். ஃபில் காட்ஸ் எழுதிய அந்தச் சுருக்கும் கருவி 1989 முதல் எல்லாரும் நம்பிய ஷேர்வேர். 1995-இல் அதன் புதிய பதிப்பு என்று 300பி என்ற எண்ணோடு ஒரு கோப்பு வலம் வந்தது. அது காட்ஸ் எழுதியதே அல்ல, வன்வட்டை அழிக்கும் போலி. புதிய உதாரணம் ஹேண்ட்பிரேக். காணொளிகளை மாற்றும் இந்த இலவச மென்பொருளின் தளத்தில் பதிவிறக்கத்துக்கு இரண்டு சர்வர்கள் இருந்தன. 2017 மே 2 முதல் 6 வரை அவற்றில் ஒன்றில் மட்டும் மேக் கணினிக்கான கோப்பை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். அந்த நான்கு நாள்களில் பதிவிறக்கியவர்களுக்குப் பூவா தலையா என்ற நிலை. பானிக் என்ற பெயர்பெற்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரே அதில் அகப்பட்டு, அந்நிறுவனத்தின் மூலநிரல் (சோர்ஸ் கோட்) திருடு போயிற்று. தொழில் தெரிந்தவருக்கே இந்தக் கதி.

அந்த நான்கு நாள்களில் தப்பித்திருக்க ஒரு வழி இருந்தது. ஹாஷ் என்று சொல்வார்கள். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எச்.ஏ. 256 என்ற முறையில் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், அது ஒரு பக்கக் கடிதமானாலும் முழு இயங்குதளமானாலும், எண்ணும் எழுத்துமாக 64 இடங்கள் கொண்ட ஒரு சரம் கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் சரம் முழுவதும் வேறாகிவிடும். செவன்-ஸிப் நிறுவியுள்ள விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலது சொடுக்கிப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் சில நொடிகளில் அது வந்துவிடும். தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் சரத்தோடு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளை மட்டும் பார்த்தாலே வழியில் நேர்ந்த சேதம் பெரும்பாலும் தெரிந்துவிடும். முழுதும் ஒப்பிடுவதே முறை. ஆனால் சரத்தையும் கோப்பையும் ஒரே பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் நுழைந்தவர்கள் பதிவிறக்கச் சுட்டியைத் தங்கள் போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அப்படி உள்ளே நுழைந்துவிட்டவர் பக்கத்தில் இருக்கும் சரத்தையும் மாற்றி எழுதலாம். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டி வைப்பது போன்றது அது.

இதைவிட எளிதான சோதனை டிஜிட்டல் கையொப்பம். நிறுவும் கோப்பின் மேல் வலது சொடுக்கிப் பண்புகள் என்ற பகுதியைத் திறந்தால், கையொப்பமிட்ட கோப்பாக இருந்தால் அதற்கென்று ஒரு தாவல் தெரியும். அதில் யார் பெயரில் கையொப்பம் இருக்கிறது என்று பார்க்கலாம். இதை உங்கள் பில்லிங் மென்பொருளில் இன்றே செய்து பாருங்கள். தாவலே இல்லாவிட்டால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் சாவியைத் தனிப் பாதுகாப்புக் கருவியில்தான் வைக்க வேண்டும் என்றும் விதியாகிவிட்டது. தனியாளாகத் தொழில் செய்பவர் பலர் இதனால் தள்ளிப்போடுகிறார்கள். நிறுவும்போது விண்டோஸ் நீல நிறத்தில் ஒரு தடுப்புச் செய்தி காட்டியது என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கோப்பைப் போதுமான பேர் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள், வைரஸ் கண்டுபிடித்தேன் என்பதன்று.

கையொப்பம் இருப்பதாலேயே நிம்மதியும் அடைந்துவிட முடியாது. சிசிக்ளீனர் என்ற பிரபலமான துப்புரவுக் கருவியின் 5.33 பதிப்பில், 2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை, தீநிரல் ஒன்று கலந்திருந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது ஏறியது. வந்த இடம் அதிகாரபூர்வத் தளம், கையொப்பம் அசல், தயாரிப்பாளரின் பெயர் அசல். தாக்கியவர்கள் தயாரிப்பாளரின் கூடத்துக்குள்ளேயே புகுந்து, கையொப்பமிடுவதற்கு முன்பே கலந்துவிட்டார்கள். இதற்குப் பயனராகிய உங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. பெரிய கடையில் வாங்கியிருந்தாலும் இதே நிலைதான்.

நடைமுறையில் உங்களைப் போன்றவர்கள் அகப்படுவது இத்தகைய நுட்பமான தாக்குதல்களில் அல்ல, சாதாரணமான ஏமாற்றில். டிடிபி மையம் நடத்தும் என் நண்பர் ஒருவர், புதிதாக வாங்கிய கணினியில் படத்திருத்த மென்பொருள் ஒன்றை நிறுவத் தேடுபொறியில் அதன் பெயரை இட்டார். முதலில் வந்ததைச் சொடுக்கினார். பக்கம் அச்சு அசலாக இருந்தது: அதே சின்னம், அதே நிறம், அதே பதிவிறக்கப் பொத்தான். முகவரியில் மட்டும் நடுவில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. அது காசு கொடுத்து மேலே போடப்பட்ட விளம்பரம் என்பதை அவர் கவனிக்கவில்லை. நிறுவியதும் எதுவும் நடக்காதது போலிருந்தது. மறுநாள் காலை மின்னஞ்சலின் கடவுச்சொல் செல்லவில்லை, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, "என்ன அண்ணே, அவசரமா பணம் வேணும்னு மெயில் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்கள். உண்மையான மென்பொருள் இலவசமானது, நேர்மையானது. கெட்டுப்போனது அவர் போன வழி.

முகவரியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாமே என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. புட்டி என்ற கருவியைச் சர்வர் நிர்வகிப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். அதை எழுதிய சைமன் டாத்தமின் பக்கம் பல ஆண்டுகளாக வாயில் நுழையாத ஒரு நீண்ட முகவரியில்தான் இருந்துவந்தது. பார்ப்பவருக்கு அதுதான் போலி என்று தோன்றும். கருவியின் பெயரோடு டாட் ஓ.ஆர்.ஜி. சேர்த்த, பார்க்க அழகான முகவரியோ அவருக்குச் சொந்தமானதே அல்ல. ஆகவே முகவரியின் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல், அந்த மென்பொருளைப் பற்றிய கலைக்களஞ்சியப் பக்கத்திலிருந்தோ பழைய பயனர் ஒருவரிடமிருந்தோ முகவரியைப் பெற்று, ஒருமுறை உறுதியானதும் உலாவியில் குறித்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே செல்லும் பழக்கம் நல்லது. எல்லா மென்பொருளையும் ஓரிடத்தில் குவித்துத் தரும் பதிவிறக்கத் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். பெயர்பெற்ற டவுன்லோட் டாட் காம் 2011-இலும், மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கும் திறமூல உலகின் கோயில் போலிருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் 2013 முதல் சில ஆண்டுகளும், பிறர் எழுதிய நல்ல மென்பொருள்களின் மேல் தங்கள் உறையைப் போர்த்தி, கேட்காத கருவிப்பட்டைகளையும் விளம்பர நிரல்களையும் சேர்த்துக் கொடுத்தன. எழுதியவர்கள் கொதித்தெழுந்த பிறகே நிலைமை மாறியது. சோர்ஸ்ஃபோர்ஜ் 2016-இல் புதிய உரிமையாளர்களிடம் போனதும் அந்த வழக்கத்தை விட்டது.

செல்பேசியில் அதிகாரபூர்வ ஆப் ஸ்டோர் இருக்கிறதே, அது கடைதானே, அங்கே எல்லாம் சோதித்துத்தானே வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் 2015 செப்டம்பரில் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற விவகாரம் வெடித்தது. சீனாவில் ஆப்பிளின் சர்வரிலிருந்து எக்ஸ்கோட் என்ற உருவாக்கக் கருவியை இறக்க நெடுநேரம் பிடித்ததால், நிரலாளர்கள் சிலர் உள்ளூர்க் கோப்புப் பகிர்வுத் தளத்திலிருந்து எடுத்தார்கள். அந்தப் படியில் நஞ்சு கலந்திருந்தது. அதைக் கொண்டு அவர்கள் நல்ல எண்ணத்தோடு உருவாக்கிய செயலிகள் எல்லாம் தாமாகவே கறைபட்டு, ஆப்பிளின் சோதனையையும் கடந்து ஆப் ஸ்டோரில் ஏறின. வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியின் ஒரு பதிப்பும் அவற்றில் ஒன்று. செல்பேசிக் கடைகள் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி வாசலில் நடக்கும் சோதனையால் வருவதில்லை; ஒவ்வொரு செயலியும் தன் அறைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, அனுமதி கேட்காமல் பக்கத்து அறைக்குப் போக முடியாது என்ற அமைப்பால் வருகிறது. விண்டோஸ் கணினியில் நீங்கள் நிறுவும் சாதாரண நிரலுக்கு அப்படி அறை கிடையாது. நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) உரிமையோடு ஓட்டினால் வீடு முழுவதும் அதற்குத் திறந்துதான் கிடக்கும். அதனால் பில் போடும் கணினியில் அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

கிராக் செய்த மென்பொருளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு வரி சொல்லிவிடுகிறேன். உரிமம் உடைக்கும் கருவியை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வைரஸ் தடுப்பானை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று அவரே சொல்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும். 500 ரூபாய்க்கு "வாழ்நாள் முழுவதும்" என்று விற்கப்படும் ஆபீஸ் குறியீடுகளும் ஏறத்தாழ அதே ரகம்: பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக வழங்கப்பட்ட உரிமத்திலிருந்து கழன்று வந்தவை, என்றைக்கு முடக்கப்படும் என்று சொல்ல முடியாது.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்பவர் ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் அது 15 இடங்கள் கொண்டதாக இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் வசதி இருக்கிறது. எண்ணை இட்டால் பதிவுப் பெயரும் அது நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். உங்கள் ஆடிட்டருக்கு இது இரண்டு நிமிட வேலை. ஆனால் எண் இல்லை என்பதாலேயே தள்ளிவிட வேண்டாம். சேவை வழங்குவோரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. தனியாக நிரல் எழுதி விற்பவர் அந்த வரம்புக்குள் இருப்பது இயல்புதான். அப்படிப்பட்டவரிடம் பெயர், முகவரி, பான் எண்ணோடு கூடிய ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தனிநபரின் யூபிஐ எண்ணுக்கு அனுப்புவதைவிட, பெயர் தெரிந்த கட்டண நுழைவாயில் (பேமெண்ட் கேட்வே) வழியாக அட்டையில் கட்டுவது பின்னால் தகராறு வந்தால் உதவும். அட்டையில் ஆண்டுக் கட்டணத்தைத் தானாகப் பிடிக்க ஒப்புதல் கொடுத்தாலும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. பணமே திருடு போனால் இணையக் குற்றத்துக்கான 1930.

ஆடிட்டர் உண்மையில் பயப்பட வேண்டியது வைரஸைக் கண்டு அல்ல என்பது என் எண்ணம். என் மாமா மருந்துக் கடை வைத்திருந்தார். உள்ளூர் நிறுவனம் ஒன்றின் பில்லிங் மென்பொருளை, முறையாக, கடைக்கே வந்த ஆளிடம், பில்லோடு வாங்கினார். ஏழு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் கணினியின் வன்வட்டு போயிற்று. புதிய கணினியில் நிறுவினால், இணையத்தில் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டு உரிமத்தைச் சரிபார்த்த பிறகுதான் அது திறக்கும். அந்த சர்வர் இல்லை. தொலைபேசி எடுப்பாரில்லை. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் துரித உணவகம் இருந்தது. காப்புப்படி ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த மென்பொருளைத் தவிர வேறெதுவும் படிக்க முடியாத வடிவத்தில். கடன் பாக்கிப் பட்டியலை மாமாவும் அத்தையும் பழைய பில் கட்டுகளைப் பிரித்துவைத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. இதில் மோசடி எதுவுமில்லை. விற்றவர் நல்லவர், வந்த வழியும் நேரானது. தொழில் முடிந்துபோயிற்று, அவ்வளவுதான்.

தனி ஒருவர் விற்கும் மென்பொருளில் இந்த அபாயம் கூடுதல் என்பதை மறுக்க முடியாது. அவருக்கு உடம்பு முடியாமல் போகலாம்; நல்ல வேலை கிடைத்து இதை விட்டுவிடலாம். எனவே பணம் கட்டுமுன் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எல்லா விற்பனை, கொள்முதல், பாக்கி விவரங்களையும் எக்செல் அல்லது சிஎஸ்வி (எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கும் எளிய கோப்பு) வடிவில் நானே எடுத்துக்கொள்ள முடியுமா, உரிமம் முடிந்த பிறகும் பழைய பில்களைப் பார்க்கவும் அச்சிடவும் முடியுமா, இணைய இணைப்பு இல்லாதபோது திறக்குமா, தரவு என் கணினியில் இருக்கிறதா உங்கள் சர்வரில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலின் உள்ளடக்கத்தைப் போலவே, எத்தனை நாளில் எப்படிப்பட்ட பதில் வருகிறது என்பதும் உங்களுக்குச் செய்திதான். "கவலையே வேண்டாம் சார், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் வந்தால் எனக்குத் திருப்தி இருக்காது. பழுது பார்க்க, தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்றவற்றின் வழியாக உள்ளே வரச் சொன்னால், வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, முடிந்ததும் மூடிவிடுங்கள்; நிரந்தரக் கடவுச்சொல் வைத்துக்கொடுக்காதீர்கள்.

சோதனைப் பதிப்பு இன்னும் உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு மாதத்துப் பில்களைச் சிஎஸ்வியாக எடுத்து, அந்த மென்பொருளே இல்லாத வேறொரு கணினியில் திறந்து, கூட்டுத்தொகை பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று உங்கள் ஆடிட்டரையே பார்க்கச் சொல்லுங்கள். நிறுவும் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல வைரஸ் தடுப்பான்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும்; ஒன்றிரண்டு மட்டும் சந்தேகம் சொன்னால் அது தவறான எச்சரிக்கையாக இருக்கக்கூடும், பத்துப் பதினைந்து சொன்னால் நிறுத்திவிடுங்கள். உங்கள் கணக்குக் கோப்புகளை மட்டும் தவறியும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியதைப் பிறரும் பார்க்க முடியும். இவை தேறிவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று அவர் சொல்லக்கூடும், இப்போதைக்கு வேண்டாம். கணக்கை ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் சிஎஸ்வியாக எடுத்துக் கடைக்கு வெளியே, வீட்டில் ஒரு வட்டில் வையுங்கள்.